லயத்தில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவோம்?

(தோட்டப் பிரட்டுக்களத்தில் நடைபெற்ற குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு, அடுப்பு வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேசமாட்டேன். வெயில் காலத்துக்கு முன்னால் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்றேன். ஒரு பகல் நேரம், கடைசிக் காம்பராவில் அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்த கவ்வாத்து மிலாறில் தீப்பிடித்தது. எல்லோரும் மலையில் இருந்தார்கள். மலையிலிருந்து ஓடிவருவதற்குள் லயம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. நடுக் காம்பராவில் படுக்கையில் கிடந்த பாட்டி ஒருவர் அகப்பட்டுக்கொண்டார். முன்பக்கம் இஸ்தோப்பில் தீ. கோடிப் பக்கம் கதவு இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டார் இறக்கியிருந்த தகரக் கொட்டகை வழியை மறித்துவிட்டது. நாலு வாலிபர்கள் தகரத்தைப் பிய்த்துத்தான் பாட்டியைத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தது பெரும் புண்ணியம்.

கொட்டகை போட்டவர்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. மகனுக்குக் கல்யாணம் முடித்தார், படுக்க இடமில்லை, தகரம் இறக்கினார். அந்தக் கொட்டகையை நானும் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு கடிதம் எழுதவில்லை. அது இன்றும் என் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இங்கே பேசுகிறேன்.

நமது லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் என்று கணக்குப் போட்டான். இன்று அதே இடத்தில் இரண்டு, மூன்று குடும்பம். பல லயங்களில் குறுக்குச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டுக் கூரைக்குள் ஏறிய தீ, மரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சத்தமில்லாமல் நடந்துபோகும். ஆகவே என் வீட்டு அடுப்பு என் சொந்த விஷயம் என்று லயத்தில் யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது வெளியே இருந்து வரும் தீ. நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ச்சல். ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலோடு பலத்த காற்றும் சேரும். பத்தனைப் புல்லும் பைனஸ் காடும் அப்போதுதான் எரிகின்றன. கைவிட்ட தேயிலை மலையில் ஆள் உயரத்துக்கு மானாப்புல் நிற்கிறது. எங்கேயோ எரிகிறது என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம். காற்று திரும்பினால் அது லயத்துக்கே வந்துவிடும்.

நம்மைப் போலத் தோட்டத்தை நம்பி வளர்ந்த ஊர் ஒன்றுக்கு வந்த கதியைக் கேளுங்கள். ஹவாய்த் தீவுகளில் லஹைனா என்று ஓர் ஊர். அங்கே கரும்புத் தோட்டம் இருந்தது. 1999இல் சீனி ஆலையை மூடினார்கள். கரும்பு நின்ற நிலத்தில் புல் மண்டியது. 2023 ஆகஸ்ட் 8ஆம் திகதி பலத்த காற்றில் மின்கம்பி அறுந்து புல்லில் தீப்பிடித்தது. நெருக்கமாக இருந்த வீடுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. வெளியேறும் பாதைகள் வாகனங்களால் அடைபட்டன. நூறு பேருக்குமேல் இறந்தார்கள். பணக்கார நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஒற்றையடிப் பாதையில் வாழும் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

சரி, என்ன செய்யலாம்? நம் கையால் ஆகக்கூடியதை முதலில் சொல்றேன்.

மிலாறையும் விறகையும் அடுப்புக்கு மேலே அடுக்காதீர்கள். ஒரே பிளக்கில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. லயத்துக்கு ஒரு பீப்பாய் தண்ணீரும் ஒரு பெட்டி மணலும் வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில், கதவுப் பக்கம் தொங்கவிடுங்கள். ஆனால் தீ வந்துவிட்டால் பையைத் தேடி உள்ளே போகக்கூடாது. தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990. வண்டி நகரத்திலிருந்து மலை ஏறி வரவேண்டும். ஆகவே சிறு புகை கண்டதுமே கூப்பிடுங்கள்.

இனிக் கோடி விஷயம். போன கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "கொட்டகையைப் பிரிச்சா என் மகனும் மருமகளும் எங்கே ஐயா படுப்பாங்க?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பிரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நோயாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் போகிற அளவுக்கு, ஒவ்வொரு லயத்தின் பின்னாலும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பதை மட்டும் லயத்துக்காரர்கள் கூடிப் பேசி, கூடவே நின்று தள்ளி வைத்துக் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் அந்த நஷ்டத்தைக் கட்டாதீர்கள்.

நெருக்கம் தீர வீடு வேண்டும். அதை நாம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகையால் "அது தோட்டத்து விஷயம்" என்று இனிச் சபை கையை விரிக்க முடியாது. நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒரு கடிதம், பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம். கேட்பது நான்கு காரியம்: வெயிலுக்கு முன் லயத்தைச் சுற்றி மானாப்புல் வெட்டித் தீத்தடுப்புப் பாதை போடவேண்டும். பழைய வயரிங்கைச் சோதிக்க வேண்டும். அதிக நெருக்கமான லயத்துக்குப் புதிய வீட்டில் முதலிடம் வேண்டும். புதிய வீட்டுத் திட்டத்தில் தண்ணீர்த் தாங்கியும், தீயணைப்பு வண்டி வர ஒரு பாதையும், மக்கள் வெளியேற இன்னொரு பாதையும் வேண்டும்.

கடிதத்தைக் கொடுத்தால் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் போவோம். நானும் கூடவே வருவேன்.

இன்று கலைந்துபோகுமுன் லயத்துக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாகப் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு கோடியையும் நடந்து பார்ப்போம். பாட்டிமார் தடியூன்றி நடக்க முடிகிற வழியா என்று பார்ப்போம்.