கலைக்குச் சம்பளம்: பெருமந்தக் காலத்து அமெரிக்காவும் அதன் பின்னும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933க்குள் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையிழந்திருந்தார். கலைஞர்களுக்கு விழுந்தது இரட்டை அடி. பேசும் படம் வந்ததும், மௌனப் படக் கொட்டகைகளில் வாசித்துப் பிழைத்த வாத்தியக்காரர்கள் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போய் நடித்த நாடகக் குழுக்களின் அரங்குகள் சினிமாக் கொட்டகைகளாகிவிட்டன. பணக்காரர்கள் ஓவியம் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆலை திறந்தால் ஆலைத் தொழிலாளிக்கு வேலை கிடைக்கும். நாடகக்காரருக்குத் திரும்பிப் போக அரங்கே இல்லை.

அரசின் முதல் முயற்சி சிறியது. 1933 டிசம்பரில் நிதித் துறையின் கீழ் பொதுக் கலைப்பணித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோடைக்குள் 3,700க்கும் மேற்பட்ட கலைஞர்கள் 15,000க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்து கொடுத்தார்கள். 1935 மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பணி முன்னேற்ற நிர்வாகத்தை அமைத்து ஹாரி ஹாப்கின்ஸிடம் ஒப்படைத்தார். ‘கூட்டரசுத் திட்டம் எண் 1’ என்ற பெயரில் ஓவியம், இசை, நாடகம், எழுத்து ஆகிய நான்கும் அதன் கீழ் வந்தன; வரலாற்று ஆவணக் கணக்கெடுப்பு பிறகு தனிப் பிரிவானது. தொடக்க ஒதுக்கீடு 2.7 கோடி டாலர். உச்சக் கட்டத்தில் சுமார் 40,000 பேர் வேலை பார்த்தார்கள். கலைஞர்களுக்கு ஏன் அரசுப் பணம் என்று கேட்டவர்களுக்கு ஹாப்கின்ஸ் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: அவர்களுக்கும் வயிறு உண்டு.

இந்தப் பதிலில்தான் திட்டத்தின் பொருளாதாரம் முழுதும் இருக்கிறது. அரசு கொடுத்தது பரிசோ மானியமோ அல்ல, வாரச் சம்பளம். நியூயார்க்கில் அது சுமார் 24 டாலர். பாலம் கட்டினால் செலவில் பெரும்பங்கு எஃகுக்கும் சிமென்டுக்கும் போகும். நாடகம் போட்டால் பெரும்பங்கு ஆட்களின் கைக்குப் போகும். அந்தப் பட்டியலில் நடிகர் மட்டும் இல்லை. மேடைத் தச்சர், உடை தைப்பவர், விளக்குக்காரர் எல்லாரும் உண்டு. வாங்கிய சம்பளம் அந்த வாரமே மளிகைக் கடைக்கும் வீட்டு வாடகைக்கும் போய்ச் சேர்ந்தது. சேமித்து வைக்கிற வசதி அவர்களில் யாருக்கும் இல்லை என்பதே மந்த காலத்தில் இந்த முறைக்கு இருந்த பெரிய அனுகூலம்.

ஹாலி ஃபிளானகன் நடத்திய நாடகத் திட்டம் நாலாண்டில் சுமார் 4.6 கோடி டாலர் செலவழித்து, ஏறத்தாழ மூன்று கோடிப் பார்வையாளர்களைச் சேர்த்தது. பெரும்பாலான காட்சிகளுக்கு நுழைவு இலவசம். 1936 ஏப்ரலில் நியூயார்க்கின் கறுப்பினப் பேட்டையான ஹார்லமின் லஃபாயெட் அரங்கில் ஆர்சன் வெல்ஸ் என்ற இருபது வயது இளைஞர் ‘மேக்பெத்’ நாடகத்தை முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு இயக்கினார். கதைக்களம் ஸ்காட்லாந்திலிருந்து கரீபியத் தீவுக்கு மாறியது. முதல் நாள் கூட்டத்தில் ஏழாம் அவென்யூவில் வண்டி நகரவில்லை. பிராட்வே செல்வந்தர்கள் ஹார்லமுக்கு வந்து நாடகம் பார்த்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் மிகக் கடுமையாக இருந்த பேட்டைக்கு வெளிப்பணம் வந்தது.

எழுத்தாளர் திட்டம் 48 மாநிலங்களுக்கும் வழிகாட்டி நூல்கள் தயாரித்தது. முதலில் வெளிவந்தது 1937இல் ஐடஹோ மாநில நூல். காரில் போகிறவர் எந்தச் சாலையில் எத்தனை மைலில் எதைப் பார்க்கலாம் என்று அந்நூல்கள் விவரித்தன. பெட்ரோல் பங்க், விடுதி, சாலையோர உணவகம் என்று வழி நெடுகப் பிழைப்பு நடத்துவோருக்கு இது மறைமுக முதலீடு. அதே திட்டத்தினர் முன்னாள் அடிமைகளைத் தேடிப் போய் 2,300க்கும் அதிகமான வாக்குமூலங்களை எழுதி வைத்தார்கள். இதற்கு எந்தக் கணக்கரும் விலை போட முடியாது. ஓவியத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட கலை மையங்களைத் திறந்தது. இடம், வாடகை போன்றவற்றை உள்ளூரார் ஏற்க வேண்டியிருந்ததால், மையம் ஊர்ச் சொத்து என்ற எண்ணம் வளர்ந்தது.

குறைகளும் சிறியவை அல்ல. பெரும்பாலோர் நிவாரணப் பட்டியலில் இருந்தாக வேண்டும்; அதாவது தன் வறுமையை அதிகாரியிடம் நிரூபித்த பிறகே கலைஞர் தூரிகையைத் தொடலாம். கூலி கொடுப்பவரே தணிக்கையாளராகும் ஆபத்தும் வெளிப்பட்டது. 1937 ஜூனில் ‘தி கிரேடில் வில் ராக்’ என்ற இசை நாடகம் அரங்கேறவிருந்த சமயத்தில் அரங்கு பூட்டப்பட்டது. குழுவும் பார்வையாளர்களும் நடந்தே வேறு அரங்குக்குப் போனார்கள். 1938இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் உறுப்பினர் ஒருவர், பதினாறாம் நூற்றாண்டு நாடகாசிரியர் மார்லோ கம்யூனிஸ்டா என்று ஃபிளானகனிடம் கேட்டார். சிரித்து மறக்கக்கூடிய கேள்விதான், ஆனால் அந்த விசாரணைக்குப் பலன் இருந்தது: 1939 ஜூன் 30உடன் நாடகத் திட்டத்துக்குப் பணம் நின்றது. ஓவியத் திட்டம் 1943 வரை இழுத்துக்கொண்டு ஓடியது. மூடியபின் நியூயார்க் கிடங்கிலிருந்த ஓவியத் துணிகள் எடைக்கு விற்கப்பட்டன. குழாய்களுக்கு வெப்பக் காப்பாகச் சுற்ற வாங்கியவர்கள் உண்டு.

இத்திட்டங்கள் பெருமந்தத்தைத் தீர்க்கவில்லை. வேலையின்மை உண்மையில் ஒழிந்தது போர்ச் செலவு பெருகிய பிறகே. பணி முன்னேற்ற நிர்வாகத்தின் மொத்தச் செலவில் நாடகத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. அவ்வளவு சிறிய தொகை ஒரு தேசத்தைத் தூக்கி நிறுத்தும் என்று வாதிடுவது கலையின் நண்பர்கள் செய்யும் மிகை. தொகைக்கு ஏற்ற பலன் கிடைத்ததா என்பதே நியாயமான கேள்வி. ஜாக்சன் பொல்லாக், ரோத்கோ, ரால்ஃப் எலிசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோர் பெயர் பெறுமுன் இந்தச் சம்பளத்தில்தான் பசியாறினார்கள் என்பது கிடைத்ததற்குச் சாட்சி.

2020இல் கொரோனா அரங்குகளை மூடியபோது இந்தப் பாடம் அரைகுறையாகவே நினைவுக்கு வந்தது. பிரிட்டன் 157 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது முதன்மையாக நிறுவனங்களைக் காத்தது, ஒப்பந்த அடிப்படையில் பிழைத்த தனிக் கலைஞர் பலர் வெளியே நின்றார்கள். ஹாப்கின்ஸின் வழிக்கு நெருங்கி வந்த நாடு அயர்லாந்து. 2022 முதல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுத்தது. வறுமையை நிரூபிக்கச் சொல்லவில்லை. தகுதியுள்ள 8,000க்கும் மேற்பட்டோரிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கிடைக்காதவர்களில் 1,000 பேரை ஒப்பீட்டுக்காகக் கண்காணித்தது. அரசு செய்வித்த மதிப்பீடு 2025இல் வெளியானது: செலவிட்ட ஒவ்வொரு யூரோவுக்கும் சமூகத்துக்குக் கிடைத்த பயன் 1.39 யூரோ.