அரிசிமணியில் பாதி எடை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் கேட்க வந்திருக்கும் அவையில் இரசாயனம் பற்றிப் பேச நிற்கிறேன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு இத்துறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பிலிருந்த என் மகள், "அப்பா, விஞ்ஞானப் பிரிவு எனக்கு வேண்டாம். இந்த அட்டவணையை உருப்போட என்னால் ஆகாது" என்று கண் கலங்கினாள். அன்று அவளுடைய புத்தகத்தை வாங்கி நானும் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்கு விளங்கியதையே இங்குச் சொல்ல வந்தேன். அது மனப்பாடத்தைப் பற்றியதன்று. எடை போடுவதைப் பற்றியது. எடை போடுவது என்றால் எனக்கும் சிறிது தெரியும்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், பார்சல் அலுவலகத்தில் எடை பார்க்கும் பொறுப்பு எனக்கிருந்தது. வாடிக்கையாக மூட்டை அனுப்பும் வியாபாரி ஒருவர், "என் கடை எடைக்கும் உங்கள் எடைக்கும் 300 கிராம் வேறுபடுகிறதே" என்று ஒவ்வொரு முறையும் முறையிடுவார். "உம்முடைய தராசைச் சரிபாரும்" என்று நான் அலட்சியமாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஒருநாள் எங்கள் தலைமைக் குமாஸ்தா அதைக் கேட்டுவிட்டார். ஒன்றும் பேசாமல் 20 கிலோ எடைக்கல்லை எடுத்து மேடைமேல் வைத்தார். 20 கிலோ 300 கிராம் காட்டியது. மழைக்காலத்துச் சேறு எடை மேடையின் அடியில் ஒட்டி இறுகிக் கிடந்தது. அத்தனை நாளும் எத்தனை ஏழை எளியவர்களிடம் கூடுதல் கட்டணம் பெற்றேனோ என்று எண்ண எனக்கு நாணமாயிற்று. அப்பொழுது அப்பெரியவர் சொன்னார்: "தம்பி, வேறுபாடு ஒருநாள் கூடுதலாகவும் ஒருநாள் குறைவாகவும் வந்தால் அது கைப்பிசகு. எந்நாளும் ஒரே பக்கமாக வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்."

இச்சொல்லின் முழுப்பொருளை என் மகளின் புத்தகத்தைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

இரசாயனம் ஒரு விஞ்ஞானமாகத் தலைநிமிர்ந்தது தராசினால்தான். விறகு எரிந்தால் சாம்பல் குறைவாக இருக்கிறது. எஞ்சிய எடை எங்கே போயிற்று? பிரான்சு நாட்டு லவாய்சியர் மூடிய கலங்களில் பொருள்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். உள்ளிருந்து எதுவும் வெளியேறாவிட்டால் எடை மாறுவதில்லை என்று காட்டினார். விறகின் எடை புகையாகவும் வாயுவாகவும் போயிற்றே தவிர, அழிந்துபோகவில்லை. வரவும் செலவும் ஒத்துப் போகவேண்டும் என்னும் கணக்கர் விதியை இயற்கையும் கைக்கொள்கிறது.

பொருள்கள் எப்பொழுதும் ஒரே எடை விகிதத்தில் கூடுவதற்குக் காரணம் அணுக்களே என்று 1808-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் டால்ட்டன் விளக்கினார். ஒரு தனிமத்தின் அணுக்கள் ஒருவகை; மற்றொன்றின் அணுக்கள் வேறுவகை. அணு எவ்வளவு சிறியது? ஒரு மடக்குத் தண்ணீர், அதாவது 18 கிராம் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத வேண்டுமானால், 6022 என்று எழுதி அதன்பின் 20 சுழிகள் இடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இவற்றை ஒவ்வொன்றாக எண்ணியவர் யாருமில்லை. மொத்தமாக அளந்து கணக்கிட்டே இவ்வெண்ணை அறிந்தார்கள்.

1869-ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டு மெண்டலீவ், அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தினார். குணங்கள் முறைவைத்துத் திரும்ப வருவதைக் கண்டு ஒத்த குணமுடையவற்றை ஒரே குழுவில் வைத்தார். பொருந்தாத இடத்தில் எதையோ திணித்து நிரப்பாமல், "இங்கே வரவேண்டியவர் இன்னும் வரவில்லை" என்று வெற்றிடம் விட்டார். அவர் இடம் விட்டு வைத்த தனிமங்களுள் ஒன்றான காலியம் 1875-இல் கிடைத்தது. கண்டுபிடித்தவர் அதன் அடர்த்தி 4.7 என்று அளந்தார். தம் கணக்குப்படி 5.9 இருக்கவேண்டும் என்று மெண்டலீவ் தெரிவித்தார். அப்பொருளைத் தூய்மை செய்து மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது!

ஆனால் அந்த மெண்டலீவுக்கும் ஒரு முழுக்குழு தெரியாமலிருந்தது. அது வெளிப்பட்ட கதையே நான் சொல்ல வந்தது.

இங்கிலாந்தில் ராலே பிரபு நைட்ரஜன் வாயுவைக் கண்ணாடிக் கோளத்தில் அடைத்து நிறுத்துக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், லிட்டருக்கு 1.2572 கிராம், இரசாயனப் பொருள்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். அவருடைய கோளத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஓர் அரிசிமணியில் பாதி எடை! நானாக இருந்தால், "கைப்பிசகு" என்று பேரேட்டை மூடியிருப்பேன். அவர் மூடவில்லை. காற்று நைட்ரஜன் எந்நாளும் கனமாகவே இருந்தது. 1892-இல், காரணம் தெரிந்தவர் கூறுக என்று பத்திரிகையில் வெளிப்படையாகக் கேட்டார். வேறுபாட்டை மறைக்க முயலாமல், அதைப் பெரிதாக்கிப் பார்க்க முயன்றார். முதலில் ஆயிரத்தில் ஒரு பங்காயிருந்தது, செய்முறையை மாற்றியபின் இருநூறில் ஒரு பங்காயிற்று.

ராலேயும் ராம்சே என்னும் இரசாயனப் பேராசிரியரும் ஆராய்ந்து, 1894-இல் விடையை அறிவித்தார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு, அதுவரை ஒருவரும் அறியாத வேறொரு வாயு! எதனோடும் எளிதில் சேராத அதற்கு, சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ஆர்கான் எனப் பெயரிட்டனர். இதற்கு 109 ஆண்டுகளுக்கு முன், 1785-இல், கேவண்டிஷ் என்பவரின் சோதனையிலும் ஒரு சிறு குமிழி கரையாமல் எஞ்சியது. அவரும் அதைக் குறித்து வைத்திருந்தார். ஒரு நூற்றாண்டுக் காலம் அதைப் பொருட்படுத்துவார் இல்லை.

ஆர்கானைத் தொடர்ந்து, 1895-இல் ஹீலியத்தை ராம்சே ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார். அந்த ஹீலியத்தின் அடையாளமான மஞ்சள் கோடு, 1868-இல் சூரிய ஒளியில் முதலில் காணப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் முழுக் கிரகணத்தை நோக்க விஞ்ஞானிகள் வந்து தங்கிய இடங்களுள் ஒன்று, அன்று சென்னை மாகாணத்திலிருந்த குண்டூர் என்பது நமக்குப் பெருமை. 1898-இல் நியான், கிரிப்டான், செனான் ஆகியவையும் கிடைத்தன. அட்டவணையில் புதிதாக ஒரு குழுவே சேர்ந்தது. 1904-ஆம் ஆண்டின் நோபல் பரிசுகளுள் பௌதிகப் பரிசு ராலேக்கும், இரசாயனப் பரிசு ராம்சேக்கும் கிடைத்தன.

ஆர்கான் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. அதன் அணு எடை, அதற்கு அடுத்து நிற்கும் பொட்டாசியத்தைவிடச் சற்று அதிகம். எடை வரிசையில் பார்த்தால் இடம் மாறவேண்டும். குணமோ மாறக்கூடாது என்றது. அணுவின் கருவிலுள்ள மின்னேற்றத்தின் எண்ணிக்கையே உண்மையான வரிசை என்று 1913-இல் மோஸ்லி என்னும் இளைஞர் காட்டியபின் அதுவும் தீர்ந்தது. இன்று அட்டவணையில் 118 தனிமங்கள் உள்ளன.

தாய்மார்களே, பெரியோர்களே! நம் குழந்தைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிக்கிறார்கள். சொல் புரியாதபோது பொருளே கடினம் என்று அஞ்சிவிடுகிறார்கள். நமக்குப் பட்டம் இல்லையே என்று நாம் ஒதுங்கிவிட வேண்டாம். சமையலறைத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரையும் ஒரு கரண்டி உப்பையும் சேர்த்து நிறுங்கள். உப்பை நீரில் கரைத்துக் கரண்டியையும் உடன் வைத்து மீண்டும் நிறுங்கள். கண்ணுக்கு மறைந்த உப்பு எடையில் மறையவில்லை என்பதைத் தமிழிலே சொல்லுங்கள். லவாய்சியர் சொன்ன பாடம் அதுவே.

என் மகள் இவ்வாண்டு விஞ்ஞானப் பிரிவில்தான் சேர்ந்திருக்கிறாள். மதிப்பெண் எவ்வளவு வருமோ, அறியேன். ஆனால் சென்ற வாரம் பள்ளிச் சோதனையில் விடை சிறிது பிசகியபோது, உடன் படிப்போர் புத்தகத்து எண்ணையே எழுதிக்கொடுக்க, இவள் தான் கண்ட எண்ணையே எழுதிவைத்து வந்தாளாம். ஆசிரியர் கடிந்துகொண்டாராம். "மூன்று முறை செய்தேன் அப்பா, மூன்று முறையும் கூடுதலாகவே வந்தது" என்றாள். "அப்படியானால் காரணம் இருக்கும், தேடு" என்றேன். எனக்கு அன்று அந்தப் பெரியவரின் நினைவு வந்தது.