இன்றைக்கு யார் பாடு?



பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. கோட்டைக்குப்பத்தில் போய்க் கேளுங்கள், இன்றைக்கு யார் பாடு என்று யோசிக்காமல் சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போதும் யார், எப்போது என்ற அந்தக் கணக்கு வேண்டும்.

அம்மா விடியுமுன் மீன் கூடையோடு கிளம்புகிறார். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. மருந்தைப் புகட்டிவிட்டுப் போகிறார். ஏழு மணிக்கு ஆயா தொட்டுப் பார்க்கிறார், இன்னும் சுடுகிறது. அவரும் புகட்டுகிறார். இருவரும் பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சின்னக் கல்லீரல் இரண்டு வேளை மருந்தை ஒன்றாகச் சுமக்கிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேரம் போக வேண்டும். இரவு பகல் சேர்த்து 4 தடவைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தை நாள்காட்டித் தாளில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள், அம்மா.

எவ்வளவு கொடுப்பது? வயதைவிட எடைதான் சரியான கணக்கு. ஒரு கிலோவுக்கு, ஒரு வேளைக்கு, 15 மில்லிகிராம் வரை. 10 கிலோ பிள்ளைக்கு 150. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 5 மில்லி சிரப்பில் 125 மில்லிகிராம் இருக்கும், சிலவற்றில் 250 இருக்கும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100! பாட்டில் சின்னது, மருந்து கெட்டி. சிரப் என்று நினைத்து அதில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். பாலாடையிலும் வீட்டுக் கரண்டியிலும் அளவுக்கோடு கிடையாது. மருந்தோடு வரும் மூடியில் அளக்கலாம். ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் நல்லது. கன்னத்து ஓரமாக மெல்ல விடலாம்.

2025 அக்டோபரில் நம் நெஞ்சை உலுக்கிய செய்தி மறந்திருக்காது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கொன்றது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. வீட்டில் இருந்தபடி அதைக் கண்டுபிடிக்க எந்தத் தாயாலும் முடியாது. அது அரசும் ஆலையும் காக்க வேண்டிய காவல். ஆனால் நம்மால் பார்க்க முடிந்த ஒன்றும் அந்தப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில் இருந்தது. சளி மருந்தான அதிலும் பாராசிட்டமால் சேர்ந்திருந்தது. சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று இரண்டையும் கொடுத்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகிறது. 4 வயதுக்குள் இப்படிப்பட்ட கூட்டுச் சளி மருந்தே வேண்டாம்.

பெரியவர்களின் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ஆபத்து. 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து தேடாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

அளவு மீறிவிட்டதா? பிள்ளை முதல் நாள் சிரித்து விளையாடக்கூடும். கல்லீரல் பாதிப்பு பிறகுதான் தெரியும். காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும், நேரம் எழுதிய நாள்காட்டித் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.