குடும்பமும் குடியுரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், குடும்பமும் குடியுரிமையும் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கல்விச் சங்கத்தின் விழாவில் சட்டப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மக்கள் கூட்டத்திடம், “நீங்கள் யார் என்பதை எழுத்தில் காட்டுங்கள்” என்று ஓர் அரசு கேட்டால் என்ன நேரும்? நம் இனத்து மக்களின் வரலாற்றிலேயே இவ்வினாவிற்கு விடை இருக்கிறது. அதைக் கூறி, பின்னர் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் வினாக்களுக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பல்லாயிரவர் இலங்கை மலைநாட்டுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர் எனப்பட்ட நம் மக்கள். பண்ணையடிமைத்தனமும் பஞ்சமும் ஊரை விட்டுத் துரத்த, கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தனர். முதலில் காப்பியும், 1867க்குப் பின் தேயிலையும் அவர்கள் உழைப்பால் செழித்தன. அவர்கள் கைக்கு வந்த முதல் காகிதம் எது தெரியுமா? “துண்டு”. தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிய சீட்டு அது. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனை எழுதி வைப்பதற்கு இருந்த அக்கறை, பிறப்பை எழுதி வைப்பதற்கு இருந்ததில்லை.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை இயற்றிற்று. இலங்கையில் பிறந்தவன் குடிமகனாவதற்கு, அவன் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தாயின் பிறப்பு கணக்கில் கொள்ளப்படவில்லை. லயத்தில் பிறந்து லயத்திலேயே மாண்ட தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு மகன் எங்கே போவான்? 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும், 1946 சனவரி முதல் நாளுக்கு முன் இலங்கையில் தொடர்ந்து வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றது. மனைவி மக்களும் இடைவிடாமல் அங்கேயே தங்கியிருந்தனர் என்றும் மெய்ப்பிக்க வேண்டும். தாய் வீட்டில் பிள்ளை பெற ஊருக்குச் சென்ற மனைவியின் பயணம்கூடக் கணவனின் விண்ணப்பத்திற்கு இடையூறாகக்கூடும். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலைநாட்டு மக்கள், 1949இன் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையையும் இழந்தனர்.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களின் விருப்பம் ஒப்பந்தத்திற்கு முன் கேட்கப்படவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதினான். தம்பி இலங்கைக்கு எழுதினான். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர், தாம் பிறந்த லயத்திலேயே விசாவுடன் தங்கியிருக்கும் அயல்நாட்டவர் ஆனார். விசா முடிந்தால் வேலையும் முடியும், வீடும் முடியும். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் அவர்கள் சென்றனர். போர் மூண்டு 1984இல் அக்கப்பலும் நின்றது. அங்கே “இந்தியாக்காரர்” என்று அழைக்கப்பட்டவர்கள் இங்கே “சிலோன்காரர்” என்று அழைக்கப்பட்டார்கள்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம் குடியுரிமை வழங்கியது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! நமது சங்கத்தின் வயதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட காலம் அது.

பெருமக்களே! இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே. குடியுரிமை பெரும்பாலும் குடும்பத்தின் வழியே வருகிறது; குடும்பம் காகிதத்தின் வழியே மெய்ப்பிக்கப்படுகிறது. இதை மனத்தில் இருத்தி, இனி வினாக்களைக் காண்போம்.

முதல் வினா: கடவுச்சீட்டு, விசா, குடியுரிமை மூன்றும் ஒன்றா? அல்ல. குடியுரிமை என்பது ஒருவருக்கும் ஒரு நாட்டுக்கும் உள்ள சட்டப் பிணைப்பு. கடவுச்சீட்டு, பயணத்துக்காக நாடு தன் குடிமக்களுக்கு அளிக்கும் ஆவணம். விசா என்பது, குறித்த காரணத்துக்காகக் குறித்த காலம் வந்து தங்கிச் செல்ல இன்னொரு நாடு அளிக்கும் அனுமதி. வளைகுடா நாட்டில் இருபதாண்டு விசாவில் உழைத்தவரும், அக்காரணத்தால் மட்டும் அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிடமாட்டார்.

இரண்டாம் வினா: இந்தியாவில் பிறந்த எவரும் இந்தியக் குடிமகனா? பிறந்த நாளைப் பொறுத்தது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு மூன்று காலங்களை வகுக்கிறது. 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் குடிமக்கள். அயல்நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சிலரே விலக்கு. 1987 சூலை 1 முதல் 2004 திசம்பர் 2 வரை பிறந்தவர்க்குத் தாயோ தந்தையோ ஒருவர் அப்பொழுது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் பிறந்தவர்க்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அன்றேல் ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை இத்தேதிகள் பிரித்துவிடக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் கடவுச்சீட்டின்றிப் படகேறி வந்தவர்களுள் மலைநாட்டு மக்களும் உண்டு. அவ்வாறு வந்தோரைச் சட்டம் பொதுவாகச் சட்டவிரோதக் குடியேறிகள் என்றே வகைப்படுத்துகிறது. முகாமில் 1986இல் மூத்தவள் பிறந்தாள். 1988இல் இளையவன் பிறந்தான் என்று கொள்வோம். மூத்தவள் பிறப்பால் இந்தியக் குடிமகள், இளையவன் அல்லன். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டதும் இந்த அடிப்படையிலேதான்.

மூன்றாம் வினா: முகாமைச் சேர்ந்த ஒருவரை நம் பெண் மணந்தால் என்ன ஆகும்? அப்பெண்ணின் இந்தியக் குடியுரிமை திருமணத்தால் போகாது. ஆனால், கணவருக்கும் திருமணத்தால் உடனே குடியுரிமை வந்துவிடாது. இந்தியக் குடிமகளையோ குடிமகனையோ மணந்தவர், ஏழாண்டுகள் இங்கே வாழ்ந்த பின் ஐந்தாம் பிரிவின்கீழ்ப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்படுபவருக்கு அவ்வாயிலும் அடைக்கப்பட்டுள்ளது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை, தாய் இந்தியர் என்னும் ஒரே காரணத்தால் பிறப்புக் குடியுரிமை பெறாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிசுத்தான், வங்கதேசம், ஆப்கானிசுத்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தினருக்கே வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தோரை அது சேர்க்கவில்லை. 2015 சனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசின் ஆணை விலக்களித்தது. தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு. எனவே மணமகள் வீட்டார் மனம் தளர வேண்டும் என்று நாம் கூறவில்லை. மணத்திற்கு முன்பே ஆவணங்களைப் பார்த்து, வழக்கறிஞரைக் கலந்து, தெரிந்து செய்யுங்கள் என்கிறோம்.

நான்காம் வினா: வெளிநாட்டில் வேலை செய்யும் நம்மவருக்கு அங்கே பிறக்கும் குழந்தையின் நிலை என்ன? 1992 திசம்பர் 10க்கு முன் வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தந்தை வழியாகவே இந்தியக் குடியுரிமை வந்தது. அந்நாள் முதல் தாய் வழியாகவும் வரும் என்று சட்டம் திருந்தியது. ஆனால் 2004 திசம்பர் 3க்குப் பின் பிறந்த குழந்தையின் பிறப்பை, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்றும் உறுதி கூற வேண்டும். ஓராண்டு தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். விடுமுறைக்கு ஊர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

ஐந்தாம் வினா: இரு நாட்டுக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாமா? இந்தியச் சட்டம் இடந்தரவில்லை. தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் இந்தியக் குடியுரிமை அப்போதே முடிந்துவிடும். வெளிநாட்டு இந்தியர் அட்டை எனப்படுவது நெடுங்கால விசா வசதியே. அதனால் இங்கே வாக்குரிமையோ, வேளாண் நிலம் வாங்கும் உரிமையோ கிடைக்காது.

இளைஞர்களே! நம் மாலைப் பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தான். அவனுடைய பாட்டனார் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். “உன் தந்தை இலங்கையில் பிறந்தவர், அவர் இந்தியர் என்பதற்குச் சான்று என்ன?” என்று ஓர் அலுவலகத்தில் கேட்டனர். பையன் வாடிய முகத்தோடு வீடு திரும்பினான். எழுத்தறியாத பாட்டியார் தம் தகரப் பெட்டியைத் திறந்தார். சேலை மடிப்புக்குள் பாட்டனாரின் பழைய இந்தியக் கடவுச்சீட்டும், தாயகம் திரும்பியபோது தந்த குடும்ப அட்டையும் இருந்தன. அந்த அட்டையில் பையனின் தந்தை நான்கு வயதுக் குழந்தையாகப் பதிவாகியிருந்தார். ஆயினும் அட்டையில் கருப்பையா. பள்ளிச் சான்றிதழில் கருப்பசாமி. இருவரும் ஒருவரே என்று நிறுவ எட்டுத் திங்கள் ஆயின. அந்த அம்மையார் பெட்டியைக் காக்கவில்லையேல், எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வியப்பில்லை.

ஆதலின் ஒவ்வொரு வீட்டிலும் செய்யத்தக்க சில பணிகளை முன்வைக்கிறோம். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதியுங்கள். ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணை வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே உரிய சான்றாகும் என்பதை மறவாதீர்கள். திருமணம் எந்த முறையில் நடப்பினும், தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதியுங்கள். பெயர் எல்லா ஏட்டிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். தாயின் ஆவணங்களைத் தந்தையின் ஆவணங்களுக்கு நிகராகப் பேணுங்கள். மூல ஆவணத்தை எந்தத் தரகரிடமும் விட்டு வராதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்பீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும், பெண்களுக்கும், சிறுவர்க்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவின் வாயில் உங்களுக்காகத் திறந்திருக்கிறது. அங்கே நுழைவதற்கு எவரும் கூச வேண்டியதில்லை.

நமது சங்கம் இனி வரும் ஆண்டுகளில், மாலைப் பள்ளியோடு திங்களுக்கு ஒரு நாள் ஆவண நாள் ஒன்றையும் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படித்த பிள்ளைகள், படிக்காத பெற்றோரின் தகரப் பெட்டிகளைத் திறந்து, பெயரும் நாளும் சரிபார்த்து, படிவம் நிரப்பித் தரட்டும். நம் முன்னோரிடம் இருந்த ஒரே காகிதம் அவர்களின் கடனைச் சொல்லும் துண்டு. நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் காகிதம் அவர்களின் உரிமையைச் சொல்லட்டும். அதற்குரிய எழுத்தறிவைத் தருவதற்காகவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வருகிறது.