திரையில் விழும் சுவடுகள்



திருகோணமலைத் துறைமுகப் பகுதியை அறிந்தவர் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். இறங்குதுறையிலே கட்டப்பட்ட படகுகளின் பக்கங்களிலே பழைய டயர்கள் தொங்கிக் கொண்டிருக்கும். அலை அசைக்குந்தோறும் படகும் துறைச்சுவரும் ஒன்றோடொன்று உராயாதவாறு அவை இடைநின்று காக்கும். நெருங்கி நிற்கும் இரு பொருள்கள் உராய்ந்து கெடாதிருக்க இடையே மெதுவான ஒன்றை வைத்தல் வேண்டும் என்பது கடற்றொழிலாளர் கண்ட உண்மை. இவ்வுண்மை மாணவர் பலரின் கையிலுள்ள மடிக்கணினிக்கும் பொருந்துமா? அதனையே இன்று ஆராய்வோம்.

மடிக்கணினியைத் திறந்ததும், ஒளியேறாத கரிய திரையிலே சதுரஞ் சதுரமாய் மங்கிய கறைகள் வரிசையாய்த் தோன்றுவதுண்டு. உற்று நோக்கின், அவை விசைப்பலகையின் சுவடுகளே என்பது விளங்கும். முகத்தையும் தலைமயிரையும் தொட்ட விரல்கள், அங்குள்ள எண்ணெய்ப்பசையை விசைகளின்மேற் பூசிவிடுகின்றன. மூடிய கணினியிலே திரைக்கும் விசைகளுக்கும் இடையே எஞ்சும் வெளியோ மிகச் சிறிது. பையிலே புத்தகங்கள் அழுத்தும்போது மெல்லிய மூடி வளைகின்றது. திரை விசைகளைத் தொடுகின்றது. பசை திரைக்கு மாறுகின்றது.

எண்ணெய்க்கறை துடைத்தால் நீங்கும், கீறல் நீங்காது. கடலருகே வாழ்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். மணலிலுள்ள குவார்ட்சு சாளரக் கண்ணாடியினும் கடினமானது. புல்மோட்டைக் கரை மணலிலே இல்மனைற்றோடு கலந்து கிடைக்கும் சேர்க்கன் என்னும் கனிமம் அதனினும் சற்றுக் கடினமானது. பல மடிக்கணினிகளின் திரைப்பரப்போ கண்ணாடியுமன்று. மெல்லிய பிளாத்திக்குப் படலமே. காற்றோடு வந்த ஒரு மணற்றுகள் விசைக்கும் திரைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டால், கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்பு செல்லும் பேருந்தின் ஒவ்வோர் அதிர்வும் அத்துகளை எழுத்தாணியாக்கிவிடும்.

இது சிறு விடயந்தானே எனச் சிலர் எண்ணக்கூடும். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திலே பயிலும் மாணவர் ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். குறிப்பும் கட்டுரையும் ஆய்வும் யாவும் அந்த ஒரு கருவிக்குள்ளேயே அடங்கியிருக்கும். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்திலே ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்திலே 360 ரூபாயளவுக்கு உயர்ந்தது. பிறநாட்டிலிருந்து வரும் திரையொன்றை மாற்றுவது எளிய குடும்பத்துக்கு எத்துணைச் சுமை என்பதை அக்காலம் நன்கு உணர்த்திவிட்டது.

ஆயின், படகுக்கு டயர் கட்டுவதுபோலத் திரைக்கும் விசைக்கும் இடையே துணியொன்றை விரித்துவிட்டால் என்ன? பலர் அவ்வாறே செய்கின்றனர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். துறையிலே படகுக்கு விலகி நிற்க இடமுண்டு. மூடிய கணினிக்குள்ளே அவ்விடம் இல்லை. தடித்த துணி, திரையைக் காப்பதற்கு மாறாக அதனை உள்ளிருந்து நெருக்கும். 2020-ஆம் ஆண்டிலே ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளைப் பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. கமராவை மறைக்கும் சிறு மூடியை ஒட்டியபடியே கணினியை மூடினால் திரை பழுதுறலாம் என்றும், தவிர்க்க இயலாதெனின் அம்மூடி சாதாரண அச்சுத்தாளின் தடிப்பாகிய 0.1 மில்லிமீற்றரை விஞ்சலாகாது என்றும் அது கூறிற்று. புதிய கணினிகள் பலவற்றிலே விசைகளின்மேல் மெல்லிய தாளொன்று விரித்து வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். தயாரித்தவர் கைநூல் இடங்கொடுப்பின், அத்தகைய மெல்லிய தாள் போதும். இடங்கொடாவிடின், எதனையும் வையாது விடுதலே நன்று. விசைப்பலகைக்கு இடும் இறப்பர் உறையையும் மூடுமுன் எடுத்துவிடுங்கள்.

ஆகவே, மெய்யான காவல் துணியிலன்று, நம் பழக்கத்திலேயே உளது. கை கழுவித் துடைத்தபின் விசைகளைத் தொடுங்கள். வாரம் ஒருமுறையேனும், கணினியை நிறுத்தி, மின்தொடர்பை நீக்கி, மெல்லிய தூரிகையால் மணலைத் தட்டியபின், விசைகளை நுண்ணிழைத் துணியால் துடையுங்கள். திரையிலும் முதலில் தூசியை அகற்றிய பின்னரே துணியை வையுங்கள்; மணலோடு துடைப்பது கீறுவதற்கே ஒப்பாகும். கறை நீங்காவிடின், காய்ச்சி வடித்த நீரிலே துணியைச் சிறிது நனைத்து மென்மையாய்த் துடைக்கலாம். உவர்க் கிணற்று நீர் வேண்டா. அது உலர்ந்ததும் உப்பே புதிய கறையாகும். நீரைத் திரைமீது நேரே தெளிக்கவும் வேண்டா. சாளரம் துடைக்கும் அமோனியா கலந்த திரவங்கள் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கக்கூடும்.

மூடுமுன் விசைகளின்மேல் பேனாவோ செவிப்பொறியின் கம்பியோ கிடக்கின்றதா என்று ஒருமுறை பாருங்கள். பையிலே கணினிக்குத் தனி அறை ஒதுக்குங்கள். தண்ணீர்ப் போத்தலையும் தடித்த நூல்களையும் அதன்மேற் சாரவிடாதீர்கள். பேருந்திலே அப்பையை மற்றைய சுமைகளின் அடியில் இடாது, மடிமீது வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி என்று பெயர் பெற்ற பொருளுக்குப் பயணத்திலும் மடியே தக்க இடம்.