அடுப்படியில் ஆண்டவர்



2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது எங்கும் கடல் ஏறியது. புத்தாடையும் பலகாரமும் தந்த சந்தோஷம் ஒரே காலையில் போயிற்று.

அதன்பின் முகாம்களில் சமைத்தோம். கூடப் படித்த முஸ்லிம் தோழிகளும் எங்களோடு இருந்து வெங்காயம் உரித்தார்கள். யாருடைய பிள்ளை என்று பாராமல் சோறு போட்டோம். அழுகை நிற்கவில்லை, ஆனாலும் ஆண்டவர் பக்கத்தில் நின்றதை உணர்ந்தோம். அந்தச் சந்தோஷம் இன்றும் எங்களிடம் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடமொன்றில் சமையல் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், சட்டி பானைகளுக்கு நடுவிலும் இறைவனோடு உரையாடினார். அதை நாங்கள் முகாம் அடுப்படியில் கற்றுக்கொண்டோம்.

கனடாவிலோ கல்முனையிலோ, நாளைக் காலை தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போது ஆண்டவரோடு இரண்டு வார்த்தை பேசுவோம். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை கொடுப்போம்.

அவர் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.