ஒப்பம் வேறு, சம்மதம் வேறு
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கடனைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குச் சாட்டு இந்த நூற்றாண்டுதான். 'நூறாவது ஆண்டு' என்பதையே பெயராகக் கொண்ட சுற்றுமடல் ஒன்று எங்கள் திருச்சபையில் உண்டு: 'சென்டேசிமுஸ் ஆன்னுஸ்'. தொழிலாளர் நிலை பற்றி 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் எழுதிய 'ரேரும் நொவாரும்' மடலின் நூற்றாண்டுக்காக, 1991இல் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் எழுதியது.

திருச்சபை சந்தைக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். வளங்களைப் பயன்படுத்தவும் தேவைகளை நிறைவேற்றவும் சுதந்திரச் சந்தை திறமான கருவி என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இலாபம் பாவம் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் காசு உள்ளவரின் தேவைதான் சந்தையின் கண்ணுக்குத் தெரியும் என்கிறார். இன்றைய ஏழைகளில் பலர் சுரண்டப்படுபவர்கள் என்பதைவிட, வெளியே விடப்பட்டவர்கள். அறிவும் பயிற்சியும் கொடுத்து அவர்களை உள்ளே சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் பள்ளிக்கூடம் செய்ததும் அதுதானே.

2009க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் சந்தை வேகமாக உள்ளே வந்தது. வங்கிகள் வந்தன, லீசிங் கொம்பனிகள் வந்தன, நுண்கடன்காரர் வீட்டுப் படலைக்கே வந்தார்கள். ஈடு வைக்கக் காணி உறுதி இல்லாத, புருஷனை இழந்த பெண்ணுக்கு வேறு யார் கடன் கொடுப்பார்கள்? நாலைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். பங்களாதேஷில் இந்த முறையை வளர்த்த முகம்மது யூனுசுக்கும் அவருடைய கிராமின் வங்கிக்கும் 2006இல் நோபல் பரிசே கிடைத்தது.

நான் வன்னியில் கிளினிக் செய்த காலத்தில், மருந்தை ஒழுங்காகக் குடித்தும் பிரஷர் இறங்காத பெண்கள் வருவார்கள். "நித்திரை கொள்ளுறீங்களா அம்மா?" என்று கேட்டால், "நாளைக்குக் கட்டுக்காசு, டொக்டர்" என்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வந்து அவள் முற்றத்தில் குந்தியிருப்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து இன்னொரு கொம்பனியில் எடுத்து முதல் கொம்பனிக்குக் கட்டுவாள். பிறகு தோட்டை அடைவு வைப்பாள். இதற்கு என்னிடம் குளிசை இல்லை.

"அவர்களாக விரும்பித்தானே ஒப்பம் வைத்தார்கள்" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நாங்கள் சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியிடம் ஒப்பம் வாங்குகிறோம். வலியில் துடிக்கிறவர் எந்தத் தாளிலும் ஒப்பம் வைப்பார். என்ன செய்யப் போகிறோம், வேறு வழி உண்டா என்பதெல்லாம் விளங்கி, 'வேண்டாம்' என்று சொல்லவும் அவருக்கு இடம் இருந்தால்தான் அது சம்மதம். 13ஆம் சிங்கராயர் கூலியைப் பற்றி இதையேதான் சொன்னார்: வறுமைக்கும் அதைவிட மோசமானதற்கும் பயந்து ஒரு தொழிலாளி குறைந்த கூலிக்கு உடன்பட்டால், அது பலாத்காரத்துக்கு ஆளாவது. கூலிக்குப் பொருந்துவது கடனுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

போட்டி கூடினால் வட்டி குறையும் என்பது சந்தைப் பாடம். தேங்காய்க்கு அது சரி. நாளைய தவணைக்காக இன்று கடன் எடுக்கிறவள் வட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை கொம்பனி வருகிறதோ அத்தனை கடன்தான் கூடுகிறது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு 100,000 ரூபா வரையிலான நுண்கடனை அரசாங்கம் நீக்க முன்வந்தது, நிலைமை அந்த அளவுக்குப் போனதால்தான். தள்ளுபடி அவசர சிகிச்சை, தேவைதான். அடுத்த போகத்துக்கு விதை வாங்க மறுபடியும் கடன் வேண்டுமே.

திருச்சபைக்கு இது புதுப் பிரச்சினை அல்ல. 1462இல் இத்தாலியின் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கென ஓர் அடைவு நிலையம் தொடங்கினார்கள். நடத்தும் செலவுக்குச் சிறு கட்டணம் வாங்கலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. வாங்கலாம், அது வட்டிக் கொள்ளை ஆகாது என்று 1515இல் லாத்தரன் சங்கம் தீர்த்து வைத்தது. இனாமும் இல்லை, கொள்ளையும் இல்லை.

எங்கள் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையே கட்டினார்கள், மூளாயில், 1930களில். சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குகிறவளும் ஓர் அங்கத்தவர்; வட்டி கூடிப்போனால் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேட்கலாம். சங்கமும் சந்தைக்குள்தான் நிற்கிறது. ஆனால் அங்கே அவளுக்கு ஒரு கதிரை உண்டு. கணக்குப் பார்க்காத சங்கம் கொம்பனியைவிட மோசம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் அக்காமாரே, நீங்கள் மனம் நிறைந்து அனுப்புகிறீர்கள். ஆனால் ஒரே கிராமத்தில் இருபது தையல் மெஷின் கொடுத்தால், தைக்கத் துணி கொண்டு வருவது யார்? எங்கள் நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைப் பெண்கள் நடத்தும் ஒரு கடனுதவுச் சங்கத்தில் நிலையான வைப்பாக இடவும், கணக்கியல் படித்த எங்கள் பழைய மாணவிகள் வருடம் ஒருமுறை அதன் புத்தகங்களைப் பார்வையிடவும் வேண்டும் என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரேரிக்க இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.